வேர்க் கலங்கள் படிக்கும் ஏடு

ஒரு சிட்டிகை கடுகை ஈரத் துணியின்மீது தூவி, வேறொரு தட்டால் மூடி வைத்தால் இரண்டொரு நாளில் அது முளைவிடும். பாடசாலைப் பிள்ளைகள் பலர் விஞ்ஞானப் பாடத்துக்காக இதனை வீட்டிலே செய்து பார்ப்பதுண்டு. மூன்றாம் நாள் மூடியைத் திறந்து பார்க்கும் தாய்மார், வெண்ணிற வேரைச் சுற்றி மெல்லிய பஞ்சுபோல் ஏதோ படர்ந்திருக்கக் கண்டு, "பூஞ்சணம் பிடித்துவிட்டது" என்று அதனை எறிந்துவிடுவதும் உண்டு. எமது வீட்டிலும் இவ்வாறு ஒரு தட்டுக் கடுகு குப்பைக்குப் போயிற்று. அழுத பிள்ளையைத் தேற்றுவதற்காகப் புத்தகத்தைப் புரட்டிய பின்னரே, எறியப்பட்டது பூஞ்சணமன்று, வேர்மயிர் என்பதை நாம் அறிந்துகொண்டோம்.

மறுமுறை முளைத்த கடுகை ஒரு கைவில்லையால் நோக்கினோம். வேரின் நுனி வழவழப்பாக இருந்தது. அதற்குச் சற்று மேலே நூற்றுக்கணக்கான மயிர்கள் வெள்ளி இழைகள்போல் நின்றன. அவை ஒவ்வொன்றும் வேரின் மேற்றோலிலுள்ள தனியொரு கலத்தின் நீட்சியே. மண்ணிலிருந்து நீரையும் உப்புக்களையும் உறிஞ்சுவதற்காகக் கலம் தன்னைத்தானே நீட்டிக்கொள்கிறது. ஆனால் மேற்றோலிலுள்ள கலங்கள் யாவும் அவ்வாறு செய்வதில்லை. ஒரு கலத்தில் மயிர் முளைக்கிறது. அதனோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் அடுத்த கலம் மொட்டையாகவே இருந்துவிடுகிறது. இரண்டும் ஒரே விதையிலிருந்து பிறந்தவை. ஒரே நீரில் நனைந்தவை. அங்ஙனமாயின் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் கடுகை விட்டுக் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சிறு பூண்டினைத் தெரிந்தெடுத்தார்கள். அரபிடொப்சிஸ் என்பது அதன் பெயர். சமையலுக்கு உதவாத ஒரு களை அது. எனினும் விதைத்து ஏறக்குறைய ஆறு வாரங்களில் மீண்டும் விதை தந்துவிடும். அதன் வேரோ ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. தாவரங்களுள் முதன்முதலாக முழுப் பரம்பரைத் தொகுதியும் வாசித்தறியப்பட்டதும் இதற்கே. அது நிகழ்ந்தது 2000 ஆம் ஆண்டில். புரதங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் ஏறக்குறைய 27,000 இதன் கலமொவ்வொன்றிலும் உள்ளன.

கலமொவ்வொன்றிலும் என்பதை வாசகர்கள் கவனித்தல் வேண்டும். மயிர் முளைத்த கலத்திலும் அதே 27,000. மொட்டைக் கலத்திலும் அதே 27,000. இலையிலும் பூவிதழிலும் அவையே. ஒரு கலம் வேராகவோ இலையாகவோ மாறியபின்னும் தன் பரம்பரைச் செல்வத்தை இழந்துவிடுவதில்லை என்பதை 1958 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்ருவாட் என்பவர் காட்டினார். கரற் கிழங்கின் கலங்களைப் பிரித்தெடுத்து வளர்த்து, அவற்றிலிருந்து மீண்டும் முழுக் கரற் செடியையே அவர் பெற்றார். அக்கலங்களுக்கு அவர் ஊட்டிய கரைசலிற் சேர்ந்திருந்தது எது தெரியுமா? தேங்காயின் நீர்! ஆய்வுகூடங்களிலே தென்னைக்கும் ஓரிடம் உண்டென்பது எமது வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

எல்லாக் கலங்களும் ஒரே ஏட்டையே வைத்திருக்கின்றனவாயின், வேறுபடுவது ஏடன்று. ஏட்டில் எந்தப் பக்கம் படிக்கப்படுகிறது என்பதே. ஒரு பரம்பரையலகு தொழிற்படும்போது, கருவுக்குள் இருக்கும் டீ.என்.ஏ.யிலிருந்து தூது ஆர்.என்.ஏ. என்னும் பிரதி எழுதப்படுகிறது. இதனை ஓர் ஓலை எனலாம். அவ்வோலை கருவை விட்டு வெளியேறி, அதன்படி புரதம் ஆக்கப்படுகிறது. ஆகவே ஒரு கலத்தில் எவ்வெவ் வோலைகள் எத்தனை உள்ளன என்று எண்ணிவிட்டால், அக்கலம் அந்நேரத்தில் என்ன தொழிலில் ஈடுபட்டிருக்கிறது என்பதை ஓரளவு சொல்லிவிடலாம்.

இடம் தரும் தொழில்

அரபிடொப்சிஸ் வேரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாகக் கலங்கள் அடுக்கப்பட்டிருப்பது தெரியும். வெளியே மேற்றோல், அதற்குள் மேற்பட்டை, அதற்குள் அகத்தோல், நடுவே நீரையும் உணவையும் கொண்டுசெல்லும் கலன் இழையம். மேற்பட்டை வட்டத்தில் எட்டுக் கலங்கள் உள்ளன. எட்டுக் கலங்கள் வட்டமாக நின்றால் அவற்றுக்கிடையே எட்டுச் சந்துகள் இருக்குமல்லவா? அந்தச் சந்துகளின்மேல் அமர்ந்திருக்கும் மேற்றோற் கலங்களிலேதான் மயிர் முளைக்கிறது. ஒரே மேற்பட்டைக் கலத்தின் முதுகில் அமர்ந்திருக்கும் மேற்றோற் கலம் மொட்டையாகிவிடுகிறது. வேரின் நெடுக எட்டு வரிசை மயிர்கள் அமைவது இதனாலேயாம்.

பிறப்பன்று, இருக்கும் இடமே கலத்தின் தொழிலைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இன்னும் நேரான சான்று 1995 ஆம் ஆண்டில் ஒல்லாந்திலுள்ள உத்ரெக்ற் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கே பென் ஸ்கேறஸ் என்பாரின் குழுவினர் உயிருள்ள வேர்நுனியில் ஒரேயொரு கலத்தை லேசர் ஒளியாற் கொன்றுவிட்டு, பின்னர் நடப்பதை நுணுக்குக்காட்டியிற் பார்த்திருந்தார்கள். இறந்த கலம் நசுங்க, அயலிலுள்ள கலம் அவ்விடத்தை நிரப்பியது. புதிய இடத்துக்கு வந்த கலம் தன் பழைய தொழிலைத் தொடரவில்லை. அந்த இடத்துக்குரிய தொழிலையே மேற்கொண்டது.

அவ்வாறெனின் கலங்கள் தம்முட் பேசிக்கொள்ள வேண்டும். மயிரின் விடயத்தில் அப்பேச்சின் ஒரு பகுதி விளங்கியிருக்கிறது. அது மிகவும் விசித்திரமானது. மேனாட்டு விஞ்ஞானிகளுக்குப் பரம்பரையலகுகளுக்கு வேடிக்கைப் பெயரிடும் வழக்கம் உண்டு. எந்த அலகு கெட்டால் வேரின் மேற்றோல் முழுவதும் மயிர் முளைத்துவிடுகிறதோ, அதற்கு அவர்கள் ஐரோப்பியக் கதைகளில் வரும் ஓநாய் மனிதனின் பெயரைச் சூட்டினார்கள். மொட்டைக் கலத்தில் இவ்வலகு தொழிற்பட்டு மயிரைத் தடுக்கிறது. அதே மொட்டைக் கலத்திலே கப்ரிஸ் என்னும் இன்னோர் அலகும் தொழிற்படுகிறது. அதன் புரதமோ பிறந்த வீட்டில் நில்லாமல் அடுத்த கலத்துக்குட் சென்று, அங்கே மயிரைத் தடுக்கும் வேலையைக் குலைத்துவிடுகிறது. தனக்கு மயிர் இல்லாத கலம், அயற்கலத்துக்கு மயிர் முளைப்பதற்கான புரதத்தைச் செய்து அனுப்புகிறது! இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறோம். பின்னர் ஓரிடத்தில் இது எமக்குத் தேவைப்படும்.

கிடாரத்துக் கறியும் தனிச் சட்டியும்

பல ஆண்டுகளாக ஓலைகளை எண்ணுவதற்கு இருந்த வழி, வேரை முழுதாக அரைத்து அதிலுள்ள ஓலைகளை ஒருங்கே எடுப்பதுதான். இது நூறு வீட்டுக் கறிகளை ஒரே கிடாரத்தில் ஊற்றிவிட்டு, எந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று சுவைத்துச் சொல்ல முயல்வதைப் போன்றது. உப்பும் புளியும் நாவில் தெரியும்; வீடு தெரியாது. 2003 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பிலிப் பென்பியின் ஆய்வுகூடத்தார், ஒருவகைக் கலங்கள் மட்டும் பச்சையாய் ஒளிரும்படி தாவரத்தை மாற்றி, ஒளிர்வனவற்றைத் தனியே பிரித்தெடுத்து, வேரின் இழையங்களுக்கு முதலாவது வரைபடத்தை அமைத்தார்கள். கிடாரம் ஒன்று போய்ச் சில சட்டிகள் ஆயின என்க. எனினும் முன்னரே அறிந்து ஒளியேற்றிய வகைகளை மட்டுமே இம்முறையாற் பிரிக்க முடியும்.

ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே விசாரிப்பது முதலில் விலங்குக் கலங்களிலே கைகூடியது. 2009 இல் எலியின் இளங்கருவிலிருந்து எடுத்த தனிக் கலத்தின் ஓலைகள் வாசிக்கப்பட்டன. 2015 இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு குழுவினர் எண்ணெய்த் துளி முறையை வெளியிட்டதன் பின்னர், ஆயிரக்கணக்கான கலங்களை ஒரே நாளிற் கையாள முடிந்தது.

தாவரங்களுக்கு ஒரு தடை இருந்தது. 1665 ஆம் ஆண்டில் றொபேட் ஹூக் தக்கையிற் கண்டு கலம் எனப் பெயரிட்டது உண்மையில் கலத்தின் சுவரையே. செலுலோசாலான அச்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் தாவரக் கலங்களை விலங்குக் கலங்களைப்போல் எளிதில் உதிர்க்க இயலாது. இதற்கான திறவுகோல் முன்னரே கிடைத்திருந்தது. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் எட்வேட் கொக்கிங், ஒரு பூஞ்சணத்திலிருந்து எடுத்த நொதியத்தால் தக்காளி வேரின் கலச்சுவர்களைக் கரைத்து, உள்ளிருந்த உயிர்ப்பகுதியைச் சேதமின்றி வெளிக்கொணர்ந்தார். சுவர் நீங்கியதும் பெட்டிபோல் இருந்த கலம் சவர்க்காரக் குமிழிபோல் உருண்டையாகிவிடும். எமது சமையலறையிற் பழிசுமத்தப்பட்ட பூஞ்சணத்துக்கு விஞ்ஞானத்தில் இவ்வளவு மதிப்பு!

இனி, செய்யும் முறையைக் கூறுவோம். நூற்றுக்கணக்கான வேர்நுனிகளை நறுக்கி நொதியக் கரைசலில் இட்டால், ஒரு மணி நேரமளவிற் கலங்கள் பிரிந்து மிதக்கும். அவற்றை வடிகட்டி, தலைமயிரளவான நுண்குழாயிற் செலுத்துவார்கள். வேறொரு குழாய் வழியே நுண்ணிய மணிகள் வரும். இரண்டும் சந்திக்குமிடத்தில் எண்ணெய் பாய்ந்து, நீரைச் சிறு துளிகளாக வெட்டுகிறது. ஒரு துளிக்குள் ஒரு கலமும் ஒரு மணியும் அகப்பட்டால் அதுவே வேண்டியது. இரண்டு கலங்கள் ஒரு துளியுட் புகுந்துவிடாதிருக்கக் கலங்களை மிக ஐதாகவே விடுகிறார்கள். ஆகவே பெரும்பாலான துளிகள் வெறுந்துளிகளே.

மணியின்மேல் ஆயிரமாயிரம் டீ.என்.ஏ. இழைகள் நடப்பட்டிருக்கும். ஒவ்வோர் இழையிலும் அந்த மணிக்கே உரிய முகவரி ஒன்று எழுதப்பட்டுள்ளது. 2015 இல் வெளியான ஒரு முறையில் முகவரி 12 எழுத்துக்களாலானது. டீ.என்.ஏ.யின் எழுத்துக்கள் நான்கே எனினும், 12 இடங்களில் அவற்றை மாற்றி மாற்றி வைத்தால் ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள் கிடைக்கும் (கணக்கில் ஆர்வமுள்ள மாணவர் நான்கைப் பன்னிரு முறை பெருக்கிப் பார்க்கலாம்). துளிக்குட் கலம் உடைந்ததும் அதன் ஓலைகள் மணியின் இழைகளிற் சென்று ஒட்டிக்கொள்கின்றன. பிரதி செய்யப்படும்போது முகவரியும் சேர்ந்தே பிரதியாகிறது. அதன்பின் எல்லாத் துளிகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டாலும் கவலையில்லை. தபாற் கந்தோரிற் குவிந்த கடிதங்களை முகவரி பார்த்துப் பிரிப்பதுபோலக் கணினி அவற்றைக் கலம் கலமாகப் பிரித்துவிடும்.

2019 ஆம் ஆண்டில் அமெரிக்கா, ஜேர்மனி, சீனா ஆகிய நாடுகளிலிருந்து அரபிடொப்சிஸ் வேரைப் பற்றிய இத்தகைய ஆய்வுகள் சில மாதங்களுக்குள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஜேர்மனியின் ரூபிங்கன் குழுவினர் ஆராய்ந்த கலங்கள் 4,727. ஷாங்காய்க் குழுவினர் ஆராய்ந்தவை 7,695. மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில், வேர்மயிரையே நெடுங்காலமாக ஆராய்ந்துவந்த குழுவினர் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கலங்களை எடுத்து, மேற்றோலின் வளர்ச்சி மாறுபட்ட விகாரித் தாவரங்களின் கலங்களையும் அவற்றோடு ஒப்பிட்டனர்.

இந்த ஆய்வுகளின் அழகு எண்ணிக்கையில் இல்லை. காலத்தைக் காட்டியதில் இருக்கிறது. கலம் உடைக்கப்பட்டவுடன் இறந்துவிடுவதால், ஒரே கலம் வளர்வதைத் தொடர்ந்து பார்க்க வழியில்லை. ஆனால் ஒரு பாடசாலையின் விளையாட்டுப் போட்டியன்று பாலர் வகுப்பு முதல் மேல்வகுப்பு வரையுள்ள எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நாளிற் படமெடுத்தோம் என்று கொள்வோம். முகங்களைச் சாயல்பார்த்து வரிசைப்படுத்தினால், எந்தப் பிள்ளையையும் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து பாராமலே ஒரு பிள்ளை வளரும் விதம் புலனாகுமன்றோ? வேரும் அத்தகைய பாடசாலையே. நுனியிற் புதுக்கலங்கள் பிறந்தபடி இருக்க, மேலே செல்லச்செல்ல வயது கூடுகிறது. ஓலைகளின் சாயல்கொண்டு கலங்களை வரிசைப்படுத்தியபோது, இளங்கலம் ஒன்று படிப்படியாக எந்தப் பக்கத்தை மூடி எந்தப் பக்கத்தைத் திறந்து மயிர்க்கலமாகிறது என்பது தொடர்ச்சியாகத் தெரியவந்தது.

இழந்ததும் உண்டு. இடமே கலத்தின் தொழிலைத் தீர்மானிக்கிறது என்று மேலே கூறினோம். ஆனால் கலத்தை விசாரிப்பதற்காக முதலிற் செய்வது, அதனை அதன் இடத்திலிருந்து பெயர்த்தெடுப்பதே. சுவரை இழந்து, அயலாரை இழந்து மிதக்கும் கலம் அந்த ஒரு மணி நேரத்தில் அதிர்ச்சியுற்று, முன் படியாத பக்கங்களைப் படிக்கத் தொடங்கிவிடுகிறது. அவற்றைக் கண்டறிந்து கணக்கிலிருந்து கழிக்க வேண்டியிருக்கிறது. மேலும், முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன கப்ரிஸை எண்ணுங்கள். அதன் ஓலை காணப்படுவது மொட்டைக் கலத்தில். புரதம் வேலை செய்வதோ அயலிலுள்ள மயிர்க் கலத்தில். ஓலைகளை மட்டும் வாசிப்பவன், கடிதத்தை எழுதியவன் வீட்டிற் கண்டெடுத்துவிட்டு, அது யாருக்குச் சென்றது என்று அறியாதவனாகிறான். இம்முறையைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் இக்குறையை ஒரு வரியிற் கடந்துவிடுகிறார்கள். அது முறையன்று என்பது எமது கருத்து.

வெருளியின் புதிர்

ஆயினும் பழைய புதிர் ஒன்றை இம்முறையே அவிழ்த்தது. எமது வயல்களில் நிற்கும் வெருளியின் பெயரைத் தாங்கிய பரம்பரையலகு ஒன்று அரபிடொப்சிஸில் உண்டு. இது கெட்ட தாவரத்தில் மேற்பட்டை, அகத்தோல் என்னும் இரு படைகள் அமையவேண்டிய இடத்தில் ஒரே படைதான் அமைகிறது. 1996 ஆம் ஆண்டில் பென்பியின் குழுவினர் அந்த ஒற்றைப் படையைச் சோதித்தபோது, அதில் மேற்பட்டையின் குறிகளும் அகத்தோலின் குறிகளும் கலந்தே காணப்பட்டன. ஒரு கலம் ஒரே நேரத்தில் இரண்டு தொழில்களைச் செய்ய இயலுமா? பாடநூல்கள் இதனைக் 'கலப்பு இயல்பு' என்று கூறி நிறுத்திக்கொண்டன.

2022 ஆம் ஆண்டில் அதே பென்பியின் குழுவினர், அப்போது டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்தோர், ஒரு இலட்சத்து பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வேர்க்கலங்களைக் கொண்ட பெருந்தொகுப்பை வெளியிட்டனர். அதனை உரைகல்லாகக் கொண்டு வெருளி கெட்ட வேரின் கலங்களை ஒவ்வொன்றாக வயதின்படி வரிசைப்படுத்தினார்கள். அப்போதுதான் விடயம் தெளிவாயிற்று. அக்கலங்கள் முதலில் மேற்பட்டைக் கலங்களாகவே வளரத் தொடங்குகின்றன. பின்னர் நடுவழியில் அகத்தோற் கலங்களாக மாறிச்செல்கின்றன. கலப்பு என்று கால் நூற்றாண்டாகக் கருதப்பட்டது, உண்மையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் பயணம். கிடாரத்தில் ஊற்றிச் சுவைத்திருந்தால் இது ஒருபோதும் வெளிப்பட்டிராது. பென்பி 2023 இற் காலமானார்.

இடத்தை இழக்காமல் ஓலைகளை வாசிக்கும் முறைகளும் இப்போது வந்துள்ளன. முகவரிகள் பாத்திகட்டி நடப்பட்ட கண்ணாடித் தட்டின்மேல் தாவரத்தின் மெல்லிய சீவலை வைத்தால், எந்த ஓலை எந்த மூலையில் இருந்தது என்பது முகவரியிலேயே தெரிந்துவிடும். 2025 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சோல்க் நிலையத்தார், விதை முதல் காய் வரையுள்ள அரபிடொப்சிஸின் வாழ்க்கை முழுவதற்கும் இவ்விரு முறைகளையும் இணைத்து ஒரு தொகுப்பை ஆக்கினர். அதிற் சுவரைக் கரைக்கும் தொல்லையைத் தவிர்க்க, கலங்களுக்குப் பதிலாக அவற்றின் கருக்களையே எடுத்தார்கள்.

எமக்கு மிகவும் நெருக்கமான செய்தி நெல்லிலிருந்து வந்தது. ஆய்வுகூடத்து வேர்கள் பெரும்பாலும் தெளிந்த கூழ்போன்ற ஊடகத்திலேயே வளர்க்கப்படுகின்றன. மண்ணிற் புதைந்த வேரைக் கழுவியெடுத்துக் கலமாகப் பிரிப்பது பெரும் பாடு. அங்ஙனமாயின் அவ்வேர்கள் சொல்லும் கதை வயலுக்குப் பொருந்துமா? 2025 இல் வெளியான ஆய்வொன்றில், பென்பியின் ஆய்வுகூடத்தாரும் அவரோடு சேர்ந்துழைத்தோரும் கூழில் வளர்ந்த நெல்வேரையும் மண்ணில் வளர்ந்த நெல்வேரையும் கலம் கலமாக ஒப்பிட்டார்கள். உள்ளேயிருந்த படைகளைவிட மண்ணைத் தொடும் வெளிப்படைகளே பெரிதும் மாறியிருந்தன. சத்துக்களைச் சமன்செய்தல், கலச்சுவரைப் பேணுதல், நோயை எதிர்த்தல் ஆகியவற்றுக்கான பக்கங்கள் அங்கே திறந்திருந்தன. பின்னர் மண்ணை இறுக்கிக் கெட்டியாக்கிப் பார்த்தார்கள். உழவு இயந்திரங்களின் பாரத்தால் வயல் இறுகுவதை விவசாயிகள் அறிவர். அத்தகைய மண்ணில், வேரின் நடுவேயுள்ள கலன் இழையத்திலிருந்து அப்சிசிக் அமிலம் என்னும் ஓமோன் வெளிநோக்கிச் செல்ல, வெளிப்படைக் கலங்கள் தம் சுவர்களைத் தடிப்பித்து, உள்ளிருக்கும் நீர் மண்ணுக்குக் கசிந்து போகாதபடி ஓர் அணையைக் கட்டிக்கொள்கின்றன.